எந்தத் தெரு?

விடுதியில் சேர்ந்த முதல் நாள். ஒரு தகரப் பெட்டி, ஒரு பாய், அம்மா கட்டிக்கொடுத்த புளிச்சோறு. மேசைக்கு அந்தப் பக்கம் ஃபாதர் உட்கார்ந்து பெயர் பதிந்துகொண்டிருந்தார். "எந்த ஊருடா தம்பி?" சொன்னேன். அவர் முகம் மலர்ந்தது. "அட, அங்க திருவிழாப் பூசைக்கு வந்திருக்கேனே!" என்றார். பேனாவைக் கீழே வைக்காமலேயே அடுத்த கேள்வி: "எந்தத் தெரு?"

எங்கள் ஊரில் தெருவைக் கேட்பது கடுதாசி போடுவதற்காக இல்லை. நான் பதில் சொன்னதும் அவர் முகம் சுளிக்கவில்லை. இடம் கொடுத்தார், சோறு போட்டார், படிக்க வைத்தார். ஆனால் பதிவேட்டில் என் பெயருக்கு நேரே பென்சிலால் சின்னதாக ஒரு குறி விழுந்ததைப் பார்த்தேன். பத்து வயதுப் பையனுக்கு அது போதும். அது எந்தச் சபை நடத்திய விடுதி, எந்த ஊர் என்பதெல்லாம் இங்கே வேண்டாம். அவர் கெட்டவரும் இல்லை. நல்லவர்களும் கூச்சமில்லாமல் கேட்கிற கேள்வியாக அது இருந்தது என்பதுதான் என் பிரச்சினை.

இத்தனை வருடம் கழித்து அது ஞாபகம் வரக் காரணம் ஓர் இலக்கியக் கூட்டம். சேசு சபைத் துறவிகளின் தமிழ்த்தொண்டு பற்றி ஒருவர் ஒரு மணி நேரம் பேசினார். நொபிலி பூணூல் போட்டார், சந்தனம் பூசினார், சைவ உணவு சாப்பிட்டார். வீரமாமுனிவர் தேம்பாவணி எழுதினார், சதுரகராதி தொகுத்தார். எல்லாம் உண்மை. இதற்கெல்லாம் அவர் வைத்த பெயர் 'பண்பாட்டுத் தழுவல்'. அந்தச் சொல் வரும்போதெல்லாம் அரங்கில் கைதட்டல். கேள்வி நேரத்தில் எழுந்து ஒன்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை. இங்கே கேட்டுவிடுகிறேன். தழுவினார்கள், சரி. யாரைத் தழுவினார்கள்?

*

சேசு சபை எப்படிப் பிறந்தது என்பதிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். ஏனென்றால் இந்தக் கேள்வியை நான் வெளியிலிருந்து கொண்டுவரவில்லை. அந்தச் சபையின் பிறப்பிலேயே அது இருக்கிறது.

1521 மே மாதம் பம்ப்லோனா கோட்டைச் சண்டையில் ஒரு பீரங்கிக் குண்டு பட்டு இஞ்ஞாசியாருக்குக் கால் உடைந்தது. பாஸ்க் நாட்டுப் பிரபுக் குடும்பத்து ஆள். படுக்கையில் கிடந்து புனிதர் சரித்திரங்களைப் படித்தார், மனம் மாறியது. இது எல்லா ஞாயிறு மறைக்கல்வி வகுப்பிலும் சொல்கிற கதை. எனக்குப் பிடித்தது அதற்கு அடுத்த பகுதி. முப்பது வயது தாண்டிய அந்த மனுஷன் பார்சலோனாவில் சின்னப் பையன்களோடு உட்கார்ந்து லத்தீன் இலக்கணம் படித்தார். பிச்சையெடுத்துச் சாப்பிட்டார். குருப்பட்டம் இல்லாமலேயே ஜனங்களுக்கு ஆன்மிகம் பேசுகிறார் என்று அல்கலாவிலும் சலமான்காவிலும் விசாரணை நடத்திச் சிறையில் வைத்தார்கள். திருச்சபையின் சந்தேகக் கண்ணில் விழுந்தவர்தான் திருச்சபையின் மிகப் பெரிய சபைகளில் ஒன்றைத் தொடங்கினார்.

1534 ஆகஸ்ட் 15. பாரிஸ் மோன்மார்த்ர் குன்றில் ஒரு சிறிய ஆலயம். ஏழு பேர். இஞ்ஞாசியார், நவார் நாட்டுப் பிரபு வீட்டுப் பிள்ளை சவேரியார், சவோய் மலையில் ஆடு மேய்த்து வளர்ந்த பேதுரு ஃபாவ்ர், போர்ச்சுகல்காரர் ரொத்ரிகெஸ், ஸ்பெயின்காரர்களான சல்மெரோன், பொபதில்யா, தியேகோ லாயினெஸ். அவர்களில் அன்றைக்குக் குருவானவர் ஃபாவ்ர் ஒருவர்தான். ஆட்டிடையன் வைத்த பூசையில் பிரபுக்கள் முழந்தாளிட்டார்கள். ஏழைகளாக வாழ்வது, எருசலேமுக்குப் போவது, போக முடியாவிட்டால் போப்பாண்டவர் அனுப்புகிற இடத்துக்குப் போவது. இவ்வளவுதான் அவர்கள் கொடுத்த வார்த்தைப்பாடு. துருக்கியரோடு போர் மூண்டதால் கப்பல் கிடைக்கவில்லை. ரோமுக்குப் போனார்கள். 1540 செப்டம்பர் 27 அன்று மூன்றாம் பவுல் அங்கீகாரம் கொடுத்தார். போப்பாண்டவர் அனுப்பும் இடத்துக்குப் போவேன் என்கிற சிறப்பு வார்த்தைப்பாடு இன்றைக்கும் அந்தச் சபையில் இருக்கிறது.

இந்த ஏழு பேரில் லாயினெஸ் யூத வம்சாவளி. அந்தக் கால ஸ்பெயினில் இது சாதாரண விஷயம் இல்லை. 1492இல் ஸ்பெயின் யூதர்களைத் துரத்தியது. 1497இல் போர்ச்சுகல் அவர்களைக் கட்டாயமாக ஞானஸ்நானம் பெறவைத்தது. மதம் மாறியவர்களுக்கு 'புதுக் கிறிஸ்தவர்கள்' என்று பெயர். தாத்தாவோ கொள்ளுத் தாத்தாவோ மாறியிருந்தாலும் பேரனும் 'புது'தான். 'இரத்தத் தூய்மை' என்று ஒரு சட்டமே இருந்தது. பல்கலைக்கழகத்தில், பேராலயத்தில், பல துறவற சபைகளில் அவர்களுக்கு இடமில்லை. 1547இல் தொலேதோ பேராயர் தன் பேராலயத்துக்கு அப்படியொரு சட்டம் போட்டார். சேசு சபை அவருக்குக் கண்ணில் விழுந்த தூசி. 'அவர்களைச் சேர்க்காதே' என்று ஸ்பெயினிலிருந்து நெருக்கினார்கள். இஞ்ஞாசியார் மசியவில்லை.

அவரை மாலை போட்டு நிறுத்தவும் வேண்டாம். ஸ்பெயினில் பிரச்சினையான ஆட்களை இத்தாலிக்கு அனுப்பிச் சேர்த்துக்கொள்கிற சாமர்த்தியமும் அவரிடம் இருந்தது. சபையில் சேர வருபவனிடம் கேட்க அவர் வகுத்த கேள்விப் பட்டியலில், 'உன் குடும்பம் பழைய கிறிஸ்தவக் குடும்பமா, புதியதா' என்ற கேள்வியும் உண்டு. ஆமாம், அவரும் எந்தத் தெரு என்று கேட்டார். ஆனால் பதில் எதுவாக இருந்தாலும் கதவு திறந்திருந்தது. அவருக்குப் பிறகு லாயினெஸ்தான் சபையின் இரண்டாவது தலைவர். சபையின் செயலாளராக இருந்து அதன் அமைப்பு விதிகளை எழுத உதவிய பொலாங்கோவும் அதே வம்சாவளிதான். அந்தக் காலத்து ஐரோப்பாவில் இது எவ்வளவு பெரிய காரியம் என்று யோசித்துப் பாருங்கள்.

*

இனி நம்ம ஊர்ப் பக்கம் வருவோம்.

தமிழில் முதன்முதலில் அச்சான புத்தகம் எது என்று கேட்டால் போட்டித் தேர்வு எழுதுகிற பிள்ளைகூடச் சொல்லிவிடும். தம்பிரான் வணக்கம், 1578, கொல்லம். பதினாறு பக்கம். கொண்டுவந்தவர் அண்டிரிக் அடிகள் என்று நாம் அழைக்கிற ஹென்றிக்கே ஹென்றிக்கெஸ், சேசு சபைத் துறவி. முத்துக்குளித்துறைப் பரதவர்களோடு ஐம்பது வருடத்துக்கு மேல் வாழ்ந்தார். தமிழுக்கு இலக்கணக் குறிப்பு எழுதினார். 1586இல் அடியார் வரலாறு அச்சிட்டார். 1600இல் இங்கேயே செத்தார்.

அவரும் போர்ச்சுகல் நாட்டு யூத வம்சாவளி. பிரான்சிஸ்கன் சபையில் முதலில் சேர்ந்தார். பிறப்பு தெரிந்ததும் அங்கே நீடிக்க முடியவில்லை. 1545இல் கொயிம்பிராவில் சேசு சபை அவரைச் சேர்த்துக்கொண்டது. சேர்த்துக்கொள்ளாமல் இருந்திருந்தால்? தமிழ் அச்சு வரலாறு வேறு யாரோ ஒருவரிடமிருந்து, வேறு ஏதோ ஒரு வருடத்தில் தொடங்கியிருக்கும். நம் அச்சு மொழியின் முதல் பக்கத்தை இன்னொரு கதவில் தள்ளிவிடப்பட்ட ஒருவர் செய்துகொடுத்தார். தமிழ்த்தொண்டுக் கூட்டங்களில் இதை யாரும் சொல்வதில்லை. பூணூல் போட்டவரைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுகிறோம். பிறப்பின் பேரில் விரட்டப்பட்டவருக்கு அரை நிமிடம்.

அடுத்து நடந்தது என்ன? 1573இல் சபைத் தலைவர் தேர்தல். பொலாங்கோ வருவார் என்றுதான் பேச்சு. யூத வழி வந்தவர் வேண்டாம் என்று போர்ச்சுகல் தரப்பு நெருக்கியது. ஸ்பானியர் அல்லாத ஒருவர் வரட்டுமே என்று போப்பும் சொன்னார். பொலாங்கோ வரவில்லை. இருபது வருடத்தில் வேலை முடிந்தது. 1593இல் கூடிய ஐந்தாவது பொதுப்பேரவை தீர்மானம் போட்டது: யூத வம்சத்தவரும் முஸ்லிம் வம்சத்தவரும் இனி சபையில் சேர முடியாது. தலைவரேகூட விதிவிலக்குத் தர முடியாது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். அப்போது அண்டிரிக் அடிகள் உயிரோடு இருக்கிறார், எழுபது வயதைத் தாண்டியவர், முத்துக்குளித்துறையில். புதிதாகச் சேர வந்திருந்தால் அவரைச் சேர்த்திருக்கமாட்டார்கள். மோன்மார்த்ர் குன்றில் முழந்தாளிட்ட லாயினெஸையும் சேர்த்திருக்கமாட்டார்கள். தன்னைப் பெற்றவர்களுக்கே வாசலில் இடமில்லை என்று சொன்ன சபையாகிவிட்டது அது. 1608இல் கொஞ்சம் தளர்த்தினார்கள்: ஐந்து தலைமுறைக்குத் தோண்டிப் பார்த்தால் போதும். முழுதாக நீக்கியது எப்போது தெரியுமா? 1946இல். ஆஷ்விட்ஸ் நடந்து முடிந்த பிறகு.

"அது அந்தக் காலம் தம்பி, இன்றைய அளவுகோலால் அளக்கக் கூடாது" என்று யாராவது சொல்வார்கள். அளக்கவில்லை. அன்றைய அளவுகோலால்தான் அளக்கிறேன். இஞ்ஞாசியாரின் வரலாற்றை எழுதிய ரிபதெநெய்ரா, அவரோடு பழகியவர், இந்தத் தடையை அப்போதே எதிர்த்து எழுதினார். ஸ்தாபகரின் மனதுக்கே இது விரோதம் என்றார். யூதக் குலத்தில் பிறந்திருந்தால் அதைப் பெரிய வரமாக நினைத்திருப்பேன், கிறிஸ்துவுக்கும் மாதாவுக்கும் இரத்த உறவாக இருந்திருப்பேனே என்று இஞ்ஞாசியார் சொன்னதைப் பதிவு செய்து வைத்தவரும் அவர்தான். தெரியாமல் செய்த தவறு இல்லை அது. தெரிந்து, வாதாடி, ஓட்டுப் போட்டுச் செய்தது.

*

1593க்குப் பன்னிரண்டு வருடம் கழித்து நொபிலி இந்தியா வருகிறார். 1606இல் மதுரை. அங்கே ஏற்கெனவே கொன்சாலோ ஃபெர்னாந்தெஸ் என்ற சேசு சபைப் பாதிரியார் பரதவர்களுக்கு ஊழியம் செய்துகொண்டிருந்தார். மேல்சாதியிலிருந்து ஒருவரும் வரவில்லை. நொபிலி காரணத்தைக் கண்டுபிடித்தார்: பரங்கியோடும் கீழ்ச்சாதியோடும் சேர்ந்து சாப்பிடுபவனை இங்கே எவனும் மதிக்கமாட்டான். ஃபெர்னாந்தெஸை விட்டு விலகித் தனி வீடு எடுத்தார். காவி, பூணூல், பிராமணச் சமையல்காரர். தனிக் கோயில். சம்ஸ்கிருதம், தமிழ், தெலுங்கு. தத்துவ போதகர் ஆனார்.

அவருடைய உழைப்பைப் பற்றி எனக்குச் சந்தேகமே இல்லை. அப்படித் தமிழ் கற்க இன்றைக்கு நமக்கே பொறுமை கிடையாது. ஃபெர்னாந்தெஸும் சாதி ஒழிப்புப் போராளி இல்லை. போர்ச்சுகீசியப் பழக்கத்தை விட்டுவிட்டாரே என்பதுதான் அவர் புகார். அதனால் இதை நல்லவர் கெட்டவர் கதையாக்க வேண்டாம். நான் பார்ப்பது ஒன்றை மட்டும்தான். நொபிலி வாதம் என்ன? பூணூலும் குடுமியும் சமயச் சின்னங்கள் அல்ல, சமூக வழக்கங்கள். ஆகவே அவை கிறிஸ்தவத்துக்கு முரணில்லை. அதாவது சாதி என்பது சட்டை மாதிரி, மதம் மாறினாலும் போட்டுக்கொள்ளலாம். இதைச் சொல்ல அவர் யாரிடம் கேட்டார்? பண்டிதர்களிடம் கேட்டார். தெருவுக்கு வெளியே நின்றவனிடம் கேட்டிருந்தால், அது சட்டை இல்லை ஃபாதர், என் தோல் என்று சொல்லியிருப்பான்.

1623இல் பதினைந்தாம் கிரகோரி நொபிலிக்கு அனுமதி கொடுத்தார். அந்த அனுமதிக் கடிதத்திலேயே ஒரு மன்றாட்டு இருக்கிறது: குலப் பெருமை பேசுகிறவர்கள் எளியவர்களை இகழக் கூடாது, கோயிலில் விலகி நிற்கக் கூடாது. அனுமதியை எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். மன்றாட்டை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை.

பிராமணச் சந்நியாசி வேடத்தில் இருப்பவர் தாழ்த்தப்பட்டவரோடு பழக முடியாதே, என்ன செய்வது? 1640இல் வழி கண்டுபிடித்தார்கள். பால்தசார் தா கோஸ்தா பண்டாரசுவாமி ஆனார். பிராமணர்களுக்கு ஒரு வகைச் சாமி, மற்றவர்களுக்கு ஒரு வகைச் சாமி. இந்தப் பண்டாரசுவாமிகளால்தான் மதுரை மிஷன் வளர்ந்தது என்பதும் உண்மை. ஓரியூரில் 1693இல் தலை வெட்டப்பட்ட அருளானந்தர் இந்த வரிசையில் வந்தவர். ஆனால் பறையர் வீட்டுக்குள் நுழைந்தால் மற்ற சாதிக்காரர்கள் ஒதுக்கிவிடுவார்கள் என்ற பயம் இவர்களையும் விடவில்லை. சாகக் கிடக்கிறவனுக்கு அவஸ்தைப்பூசுதல் கொடுக்க வேண்டும். வீட்டுக்குள் போகமாட்டார் சாமி. நோயாளியை வெளியே தூக்கிக்கொண்டு வரச் சொல்வார்கள்.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். இழுத்துக்கொண்டிருக்கிற உயிர். நாலு பேர் பாயோடு தூக்கி வாசலுக்கு வெளியே கொண்டுவருகிறார்கள். சாமி தூரத்தில் நிற்கிறார். எதற்கு? கடவுளின் பார்வையில் எல்லோரும் சமம் என்று சொல்லி எண்ணெய் பூசுவதற்கு. பண்பாட்டுத் தழுவல் என்று நாம் கைதட்டுகிறோமே, அந்தத் தழுவலின் மறுபக்கம் இந்தப் பாய்.

இதையும் 'அந்தக் காலம்' என்று தள்ள முடியாது. புதுச்சேரிக்கு வந்திருந்த போப்பின் தூதர் தெ தூர்னோன் 1704இல், பறையர் வீட்டுக்குள் போய் அருட்சாதனம் கொடுத்தே ஆக வேண்டும் என்று ஆணையிட்டார். தூர்னோனுக்குத் தமிழும் தெரியாது, ஊரும் தெரியாது. பல உள்ளூர் வழக்கங்களைப் புரியாமலே தடை செய்தார். ஆனாலும் இந்த ஒரு விஷயம் அவருக்குப் புரிந்தது. தமிழில் கரை கண்டவர்களின் சபை நாற்பது வருடம் ரோமில் வழக்காடியது. 1744இல் பதினான்காம் பெனடிக்ட் முடிவாக ஆணை போட்டபோது கிடைத்த சமரசம் என்ன தெரியுமா? பறையர்களுக்கென்றே தனியாக மிஷனரிகளை ஒதுக்குகிறோம் என்று சேசு சபையார் சொன்னார்கள். மக்களுக்குத் தனித் தெரு இருந்தது போதாது. சாமியார்களுக்கும் தனித் தெரு.

*

இது தமிழ்நாட்டுக் கதை மட்டுமா? உள்ளூர் வழக்கத்தோடு ஒத்துப்போவது என்ற கொள்கை வேறு இடத்தில் என்ன செய்தது என்று ஒரே ஓர் உதாரணம். 1773இல் கலைக்கப்பட்ட சேசு சபை 1814இல் மீண்டும் உயிர் பெற்றது. 1838இல் பிரெஞ்சு சேசு சபையார் புதிய மதுரை மிஷனைத் தொடங்கினார்கள். அதே 1838இல் அமெரிக்காவில் மேரிலாண்ட் சேசு சபையார் தங்களிடம் அடிமைகளாக இருந்த 272 பேரை லூசியானா தோட்டக்காரர்களுக்கு விற்றார்கள். ஜார்ஜ்டவுன் கல்லூரியின் கடன் கழுத்தை நெரித்தது. ரோமிலிருந்த சபைத் தலைவர் ரூத்தான் அனுமதி கொடுத்தார், நிபந்தனைகளோடு: குடும்பங்களைப் பிரிக்கக் கூடாது, அவர்கள் சமயக் கடமைக்குத் தடை கூடாது, பணத்தைக் கடன் அடைக்கப் பயன்படுத்தக் கூடாது. அனுமதியை எடுத்துக்கொண்டார்கள். நிபந்தனைகள் காற்றில் போயின. 1623இல் பார்த்த அதே கதைதான். ஊரில் அடிமை முறை வழக்கமாக இருந்தது, அதைத் தழுவினார்கள்.

நம் பக்கம் வடக்கன்குளம். 1872இல் அங்கே கட்டிய கோயிலுக்கு இரண்டு கைகள், கால்சட்டை மாதிரி. பீடம் ஒன்று, நடுவில் சுவர். ஒரு பக்கம் வேளாளர், மறுபக்கம் நாடார். ஒரே நற்கருணையை இரண்டு பக்கமிருந்தும் பார்க்கலாம், ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்க வேண்டாம். அறிவும் கணிதமும் கட்டடக்கலையும் சேர்ந்து ஒரு பாவத்துக்கு வரைபடம் போட்டுக் கொடுத்த கட்டடம். 1910இல் அந்தச் சுவரை இடித்ததும் சேசு சபையார்தான் என்பதைச் சொல்லாவிட்டால் நான் அயோக்கியன். உயர்சாதிக்காரர்கள் நீதிமன்றத்துக்குப் போனார்கள். கோயிலுக்குள் தனி இடம் எங்கள் உரிமை என்றார்கள். சென்னை உயர்நீதிமன்றம் ஒப்புக்கொள்ளவில்லை.

அந்தச் சுவர் விழுந்தபோது சபைக்கு ஆள் போனது, காசு போனது, நிம்மதி போனது. போகட்டும் என்று ஒரு முறை துணிந்தார்கள். துணிய முடியும் என்று தெரிகிறது இல்லையா? அப்படியானால் முந்தைய முந்நூறு வருடத் தயக்கத்துக்குக் 'காலம்' மட்டும் காரணமில்லை.

*

இதையெல்லாம் எழுதும்போது யார் கைதட்டுவார்கள் என்று எனக்குத் தெரியும். "பார்த்தீங்களா, மிஷனரி சூழ்ச்சி!" என்று கிளம்பும் ஒரு கூட்டம். அவர்களுக்கு ஒரு வார்த்தை. நொபிலி யாருடைய சட்டத்துக்குப் பணிந்தார்? வடக்கன்குளத்துச் சுவர் யார் வீட்டு வழக்கம்? சபை செய்த தப்பு உங்கள் முற்றத்துக் குப்பையை உள்ளே கொண்டுவந்ததுதான். குப்பை உங்களுடையது. மதம் மாறிய தலித்துக்கு 1950 ஆணையின்படி பட்டியல் சாதி உரிமை கிடையாது, அவன் மாறியதும் சாதி போய்விட்டதாம். கோயிலுக்குள் சாதி போகவில்லை என்பதற்கு நானே சாட்சி. உங்கள் கைதட்டல் எனக்கு வேண்டாம்.

இன்னொரு பக்கம், "இவ்வளவு பள்ளிக்கூடம் கட்டினார்களே, நன்றி இல்லையா?" என்று கேட்பார்கள். நன்றி இருக்கிறது. 1548இல் மெசினாவில் தொடங்கியது சபையின் முதல் பெரிய பள்ளி. 1551இல் ரோமில் திறந்த பள்ளியின் வாசலில் இலக்கணம், இலக்கியம், மறைக்கல்வி, இலவசம் என்று எழுதி வைத்தார்கள். கட்டணம் வாங்கக் கூடாது என்பது இஞ்ஞாசியாரின் பிடிவாதம். அந்தப் பலகையை நினைவுபடுத்துவதுதான் என் நன்றி. இன்றைய சேர்க்கை வரிசையில் நிற்கிற கார்களைப் பார்த்துவிட்டு அந்தப் பலகையையும் பாருங்கள்.

இதை என்னைவிடக் கடுமையாகச் சொன்னவர் சபைக்குள்ளேயே இருந்தார். 1973இல் வலென்சியாவில் சேசு சபைப் பள்ளிகளின் பழைய மாணவர்கள் கூடியிருந்தார்கள். பெரும்பாலும் வசதியானவர்கள். பாராட்டுரைக்குக் காத்திருந்தார்கள். சபைத் தலைவர் பெத்ரோ அருப்பே பேசினார். ஹிரோஷிமாவில் குண்டு விழுந்தபோது அங்கிருந்து புண்ணுக்கு மருந்து போட்டவர். உங்களை நாங்கள் நீதிக்காக வளர்த்தோமா என்று தானே கேட்டு, இல்லை என்று தானே பதில் சொன்னார். கூட்டத்தில் பலருக்குக் கோபம். இரண்டு வருடம் கழித்து 32ஆவது பொதுப்பேரவை முடிவெடுத்தது: விசுவாசத்துக்கு ஊழியம் செய்வதும் நீதிக்காக உழைப்பதும் வேறு வேறு வேலை இல்லை. 1593இல் ஒரு பொதுப்பேரவை மூடிய கதவை இன்னொரு பொதுப்பேரவை கொள்கையளவில் அகலத் திறந்தது என்றுதான் நான் அதைப் படிக்கிறேன்.

அதற்கு விலை இருந்தது. 1989 நவம்பர் 16 அன்று எல் சால்வதோர் ராணுவத்தினர் பல்கலைக்கழக வளாகத்துக்குள் புகுந்து ஆறு சேசு சபையாரையும் அவர்கள் வீட்டில் சமையல் வேலை பார்த்த எல்பா ராமோஸையும் அவர் மகள் செலினாவையும் கொன்றார்கள். நம்மிடமிருந்து ஸ்டேன் சாமி. 1937இல் திருச்சிப் பக்கம் விரகாலூரில் பிறந்தவர். ஜார்க்கண்ட் ஆதிவாசிகளோடு வாழப் போனார். காரணமில்லாமல் சிறையில் கிடக்கும் ஆதிவாசி இளைஞர்களைப் பற்றிக் கணக்கெடுத்தார். 2020 அக்டோபரில் அவரையே சிறையில் போட்டார்கள். பார்க்கின்சன் நோயில் கை நடுங்கியது. தண்ணீர் குடிக்க ஓர் உறிஞ்சுகுழல் கேட்டு நீதிமன்றத்துக்குப் போக வேண்டியிருந்தது. 2021 ஜூலை 5 அன்று, குற்றம் எதுவும் நிரூபிக்கப்படாமல், பிணை கிடைக்காமல் செத்தார். வயது 84. அவரும் தழுவினார். யாரை என்று கேட்க வேண்டிய அவசியமே இல்லை.

*

எனக்கு முதன்முதலில் ஒரு நாவலைக் கையில் கொடுத்தவரும் ஒரு சேசு சபைத் துறவிதான். கல்லூரியில் இலக்கியம் நடத்தினார். அறைக்குக் கூப்பிட்டு கருக்கு புத்தகத்தை நீட்டினார். "படிச்சிட்டு வா, பேசுவோம்" என்றார். எந்தத் தெரு என்று அவர் கேட்கவேயில்லை. பாமா 1992இல் எழுதிய புத்தகம் அது. கன்னியர் மடத்துக்குள் சாதி எப்படி இருந்தது என்று மடத்தை விட்டு வெளியே வந்த ஒரு பெண் எழுதியது. அதை முதலில் வெளியிட்டது மதுரையில் சேசு சபையார் நடத்திய ஒரு மையம். திருச்சபையைக் கேள்வி கேட்கும் புத்தகத்தைத் திருச்சபைக்குள்ளிருந்தே வெளியிட்டார்கள். தம்பிரான் வணக்கத்துக்கும் கருக்குக்கும் நடுவில் நானூறு வருடத்துக்கு மேல். இரண்டு நூல்களையும் தந்தவர்கள் பிறப்பின் பேரால் ஒதுக்கப்பட்டவர்கள். தமிழ்த்தொண்டு என்று பேசுவதானால் எனக்கு அந்த இரண்டு புத்தகமும் போதும்.

ஆகவே அடுத்த கூட்டம் போடுகிறவர்களுக்கு என் வேண்டுகோள் இது. நொபிலிக்குச் சிலை வைப்பதானால் வையுங்கள். பக்கத்தில் அந்தப் பாயையும் வையுங்கள். வீரமாமுனிவரின் கவித்துவத்தைக் கொண்டாடுங்கள். அவர் காலத்து மிஷனில் யார் வாசலில் யார் நின்றார்கள் என்பதையும் ஒரு வரி சொல்லுங்கள். அண்டிரிக் அடிகளை அச்சு இயந்திரத்தின் ஓரத்தில் நிறுத்தாமல் நடுவில் கொண்டுவாருங்கள். பரதவர்களோடு வாழ்ந்த அவருடைய தமிழும் தழுவல்தான்.

சபைக்கு ஒரே கேள்வி. மோன்மார்த்ர் குன்றில் ஏழு பேர் கூடியபோது எந்தப் பதிலும் கதவை மூடாது என்று இருந்தது. இன்றைக்கு உங்கள் பள்ளியில், விடுதியில், நவதுறவியர் இல்லத்தில், கல்லறைத் தோட்டத்தில் அப்படியிருக்கிறதா? சுற்றறிக்கை வேண்டாம். ஆள் கணக்கைக் காட்டுங்கள். எந்தத் தெருவிலிருந்து எத்தனை பேர் சபையில் சேர்ந்தார்கள், எத்தனை பேர் பாதியில் போனார்கள், எத்தனை பேர் தலைவர்கள் ஆனார்கள்? தெருவைக் கேட்கத்தான் வேண்டுமென்றால் இதற்காகக் கேளுங்கள். அதையும் பென்சிலில் குறிக்க வேண்டாம், பேனாவில் எழுதி வாசலில் ஒட்டுங்கள். ரோமில் ஒரு காலத்தில் அப்படித்தான் ஒரு பலகை வைத்தீர்கள்.